பழைய பார வண்டிக்கு மாற்று அச்சு

குற்றாலம் என்ற சொல்லைக் கேட்டவுடன் சாரலும் அருவியும் நினைவிற்கு வருதல் இயல்பு. நம் மலரின் பழைய இதழ்களைப் புரட்டுவோர், அருவியாடித் திரும்பிய கட்டுரைகள் பலவற்றை அவற்றுட் காண்பர். இஃது அவ்வகையினதன்று. தென்காசியினின்று செங்கோட்டை வழியாகப் புளியரையைக் கடந்து ஆரியங்காவுக் கணவாய்க்கு ஏறும் சாலையைப் பற்றியது இது. இன்னும் செவ்விதாகக் கூறின், அச்சாலையில் ஏற முயன்று இடைவழியில் நின்றுவிட்ட ஒரு பழைய வண்டியின் பின்னச்சைப் பற்றியது.

அவ்வண்டிக்கு உடையவர் நம் கல்லூரியின் பழைய மாணவர். புளியங்குடி எலுமிச்சையைப் புனலூர்ப் பக்கத்துக்குக் கொண்டு சேர்ப்பது அவர் தொழில். சாரற் பருவத்திற் குற்றாலத்து மங்குஸ்தானும் அதனோடு சேரும். வண்டியோ ஜீப்பு வழிவந்தது. பின்புறத்தை நீட்டிப் பெட்டி கட்டிய பிக்-அப். மகேந்திரா கம்பெனியார் 1947-ல் வில்லிஸ் ஜீப்புகளை இந்நாட்டிற் பூட்டத் தொடங்கி, பின்னர்த் தாமே செய்து பல்லாண்டுகள் விற்றனர் என்பதைப் பலரும் அறிவர். அக்குடும்பத்து வண்டிகள் எளிதில் மடிவனவல்ல. உறுப்பு உறுப்பாக மாற்றி ஓட்டிக்கொண்டே இருக்கலாம். அந்த வசதியே நம் மாணவருக்கு இடராயிற்று.

திருநெல்வேலிச் சாலை அகலமான பின்பு மற்ற வண்டிகளெல்லாம் தம்மை முந்திச் செல்வதை அவர் பொறுக்கவில்லை. 'எஞ்சின் கத்துகிறது, வண்டி ஓடவில்லை' என்று ஒரு பட்டறையில் முறையிட்டார். 'கிரவுன் பினியனை மாற்றினாற் போதும்' என்று அங்குக் கூறினர். பழைய உறுப்புக் கடையொன்றிலிருந்து 4.27 விகிதமுள்ள பின்னச்சு வந்தது. அதனோடு 6.00-16 டயர்களைக் கழற்றிவிட்டு 7.00-16 டயர்களையும் பூட்டினர். 'முன்சக்கர நெம்புகோலை மட்டும் தொடவேண்டா' என்று ஓர் எச்சரிக்கையும் செய்தனர். ஏன் என்று இவரும் கேட்கவில்லை, அவர்களும் விளக்கவில்லை.

சமதரையில் வண்டி அழகாகவே ஓடிற்று. நான்காம் நாள், எலுமிச்சை மூட்டைகளோடு புளியரைக்கு மேலுள்ள வளைவில், இரண்டாம் கியரில் எஞ்சின் திணறித் திணறி அடங்கியது. முதற் கியர் விழவில்லை. பிரேக்கை மிதித்தும் வண்டி ஓரடி பின்வாங்கிற்று. உடனிருந்த பையன் குதித்திறங்கிச் சக்கரத்தின்கீழ்க் கல்லை வைத்தான். பின்னால் வந்துகொண்டிருந்தது ஒரு பேருந்து. வேறொன்றும் நிகழவில்லை, ஆயினும் மறுநாளே அவர் எம்மைத் தேடி வந்து, 'ஐயா, அச்சு மாற்றியதில் என்ன பிழை?' என்று வினவினார். அதற்கு யாம் தாளில் எழுதிக் காட்டிய விடையே ஈண்டு விரித்துரைக்கப்படுகின்றது.

முதலில் விகிதம் என்பது யாது? எஞ்சினிலிருந்து வரும் நீண்ட தண்டின் முனையிற் பினியன் என்னும் சிறு பற்சக்கரம் உள்ளது. அது கிரவுன் என்னும் பெரும் பற்சக்கரத்தைச் சுழற்றும். கிரவுனில் 43 பற்களும் பினியனில் 8 பற்களும் இருப்பின், தண்டு ஐந்தரைக்குச் சற்றுக் குறைவாகச் சுழலும்போது சக்கரம் ஒருமுறை சுழலும். 43-ஐ 8-ஆல் வகுக்க 5.375, இதனையே 5.38 என்பர். 39-க்கு 8 எனின் 4.88, 47-க்கு 11 எனின் 4.27. இவ்வெண்கள் ஒன்றையொன்று வகுக்கா எண்களாயிருத்தலைக் கணித மாணவர் கவனிப்பாராக. அவ்வாறிருப்பதனால் ஒரு பல் எதிர்ச்சக்கரத்தின் எல்லாப் பற்களையும் மாறி மாறிச் சந்திக்கின்றது, தேய்வும் பரவலாகின்றது. 40-க்கு 10 என்று அமைத்தால் அதே பல் அதே பல்லையே என்றும் கடித்துக்கொண்டிருக்கும்.

எண் பெரிதானால் இழுவை மிகுதி, ஓட்டம் குறைவு. எண் சிறிதானால் ஓட்டம் மிகுதி, இழுவை குறைவு. இரண்டையும் ஒருங்கே தரும் எண் எக்கடையிலும் விற்பதில்லை.

அச்சின் விகிதத்தைக் கழற்றாமலே அறியலாம். கடைக்காரர் சொல்லை நம்பி வாங்குதல் தகாது. ஆதலின் இம்முறையை ஒவ்வொருவரும் கற்றுக்கொள்க. வண்டியைச் சமதரையில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் முட்டுக் கொடுத்து, கியரை நடுநிலையில் வைத்து, ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் உயர்த்துக. வண்டியை ஜாக்கியை மட்டும் நம்பி விடாமல் அடியில் உறுதியான தாங்கியும் வைக்க. தண்டின்மேற் சாக்கட்டியால் ஒரு கோடு இடுக. உயர்த்திய சக்கரத்தைச் சரியாக இரண்டு சுற்றுச் சுற்றுக. மற்றச் சக்கரம் தரையில் நிற்பதனால், டிபரன்சியலின் இயல்பின்படி கிரவுன் ஒரு சுற்றே சுற்றும். அப்பொழுது தண்டு எத்தனை முறை சுற்றிற்றோ அதுவே விகிதம். ஐந்தும் மூன்றிலொரு பங்குக்குச் சற்று மேலும் எனின் 5.38, நான்கும் காலுக்குச் சற்று மேலும் எனின் 4.27.

இனி டயரைக் காண்போம். பலர் அச்சையும் டயரையும் வேறு வேறாகக் கருதுகின்றனர். அஃது உண்மையன்று. 6.00-16 டயரின் குறுக்களவு ஏறத்தாழ 28 அங்குலம். அது ஒரு கிலோமீட்டர் செல்ல 448 முறை சுழல வேண்டும். மணிக்கு 60 கிலோமீட்டர் எனின் நிமிடத்திற்கு ஒரு கிலோமீட்டர். எனவே மேல் கியரில் எஞ்சின் சுற்று நிமிடத்திற்கு 448-ஐ 5.375-ஆற் பெருக்க வரும் 2408. 7.00-16 டயரின் குறுக்களவு சுமார் முப்பதரை அங்குலம். அதற்கு 411 சுற்றுப் போதும். அச்சைத் தொடாமலே எஞ்சின் சுற்று 2209 ஆகிவிடுகின்றது. 28 அங்குல டயரோடு 4.88 அச்சைப் பூட்டினால் 2184 வரும். இரண்டிற்கும் வேறுபாடு சிறிதே. பெரிய டயரை மாட்டியவர் அறிந்தோ அறியாமலோ அச்சையும் மாற்றியவரே ஆவர்.

இக்கணக்கை வண்டி செய்தோர் முன்னரே போட்டிருந்தனர். 1941 முதல் 1945 வரை போருக்காகச் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பில் 6.00-16 டயரும் 4.88 அச்சும் இருந்தன. போருக்குப்பின் உழவர்க்கென வந்த வண்டியில் அதே டயரை வைத்து அச்சை 5.38 ஆக்கினர், ஏர் இழுக்க வேகம் வேண்டியதில்லை அன்றோ! பின்னர் எம்-38 என்னும் படைவண்டியில் 7.00-16 டயரைப் பூட்டியபோது, அதே 5.38 அச்சையே வைத்தனர். டயர் பெரிதானமையின் ஓட்டம் பழைய போர்க்கால ஜீப்பின் அளவிற்கே வந்து நின்றது. நம் மாணவரோ டயரையும் பெரிதாக்கி எண்ணையும் சிறிதாக்கினார். பழைய டயரின் கணக்கிற் சொன்னால், அவர் 5.38-லிருந்து 3.92-க்குப் போய்விட்டார். நூற்றுக்கு இருபத்தேழு பங்கு இழுவை அன்றே கழிந்தது.

அவ்விழுவை போதாமற் போனது எங்ஙனம்? வண்டியும் பாரமும் சேர்ந்து 2000 கிலோ என்று கொள்வோம். பதினைந்தடிக்கு ஓரடி ஏறும் சாலையில் அதனை மேலே இழுக்க 133 கிலோ விசை வேண்டும். சாலையோடு டயர் உராயும் தடைக்கு ஒரு 40 கிலோ. ஆக 173. பத்தடிக்கு ஓரடி எனின் 240. ஹரிக்கேன் என வழங்கும் வில்லிஸ் எஞ்சின், நிமிடத்திற்கு 2000 சுற்றில், ஒரு மீட்டர் நீளமுள்ள கோலின் நுனியிற் பதினைந்தே முக்காற் கிலோவைத் தொங்கவிட்டாற் போன்ற முறுக்கு விசையைப் புதிதாயிருந்தபோது தந்தது. வயதையும் உராய்வையும் கழித்துப் பன்னிரண்டே முக்கால் என்று வைத்துக்கொண்டால், 28 அங்குல டயரின் விளிம்பில், மொத்த விகிதத்தின் ஒவ்வோர் அலகுக்கும் ஏறத்தாழ 36 கிலோ இழுவை கிடைக்கும். முப்பதரை அங்குல டயரில் 33.

இவ்வண்டியின் கியர்ப் பெட்டி மூன்று வேகத்தது. மேல் கியர் நேர், இரண்டாவது 1.55, முதலாவது 2.80. பழைய அமைப்பில், அதாவது 28 அங்குல டயரும் 5.38 அச்சும் கொண்டு, மேல் கியரில் 193 கிலோ இழுவை உண்டு. பதினைந்துக்கு ஒன்றை அவ்வண்டி மேல் கியரிலேயே முனகிக்கொண்டு ஏறும். இரண்டாவதில் 300 கிலோ. பத்துக்கு ஒன்று அதற்கு எளிது. புதிய அமைப்பில், பெரிய டயரும் 4.27 அச்சும் கொண்டு, மேல் கியரில் 141 தான். இரண்டாவதில் 218. வேண்டுவதோ 240! வண்டி நின்றதற்குக் காரணம் எஞ்சினன்று, ஓட்டுநரன்று, எலுமிச்சையுமன்று. இந்த இருபத்திரண்டு கிலோவே.

முதற் கியரில் 395 கிலோ இழுவை இருந்ததே, அதனைப் போட்டிருக்கலாகாதா என்று கேட்கலாம். இப்பழைய பெட்டியில் இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் பற்களை இணக்கும் அமைப்பு உண்டு, முதலாவதற்கு இல்லை. வண்டி உருளும்போது அதனைப் போடுதற்கு இரட்டைக் கிளட்சு மிதிக்கத் தெரிந்த கைப்பழக்கம் வேண்டும். ஏற்றத்தில், வளைவில், பின்னாற் பேருந்து ஒலியெழுப்பும்போது அக்கைப்பழக்கம் பெரும்பாலும் வருவதில்லை. பெட்டியின் இக்குணத்தை அறிந்தே அச்சைத் தேர வேண்டும். இவ்வழியில் இரண்டாம் கியரே நமக்கு உயிர்நிலை. மிகக் கடினமான ஏற்றத்தை முழுப் பாரத்தோடு இரண்டாவதில் ஏறுமாறு விகிதம் அமைந்திருக்க வேண்டும். திருநெல்வேலிச் சாலையைப் பற்றிய கவலை அதன் பின்னரே.

தாழ்வேகத் தொகுதி ஒன்றும் இவ்வண்டியில் உண்டு. துணைப்பெட்டியின் நெம்புகோலை இழுத்தால் எல்லாக் கியரும் 2.46 மடங்கு வலிமை பெறும். அதனை ஏன் பயன்படுத்தவில்லை? இங்கேதான் பட்டறையாரின் எச்சரிக்கை விளங்குகின்றது. இவ்வகைத் துணைப்பெட்டியில் முன்னச்சைச் சேர்த்த பின்னரே தாழ்வேகம் விழும். முன்னச்சோ மாற்றப்படவில்லை, அது 5.38 ஆகவே இருந்தது. ஒரு கிலோமீட்டர் செல்வதற்குள் முன்தண்டு 2209 முறையும் பின்தண்டு 1756 முறையும் சுழல விரும்பும். பெட்டியோ இரண்டையும் ஒரே வேகத்திற் பூட்டிப் பிடித்திருக்கும். இடையே எவ்விதத் தளர்வும் இல்லை. சேற்றில் டயர் வழுக்கி அக்கணக்கைச் சரிசெய்துகொள்ளும். உலர்ந்த தாரில் டயர் தேயும், அன்றேல் ஜாயிண்டோ அச்சோ முறியும். ஆகவே ஓரச்சை மட்டும் மாற்றியவர் நாற்சக்கர ஓட்டத்தையும் தாழ்வேகத்தையும் ஒருசேர இழக்கின்றார். மாற்றுவதாயின் இரண்டையும் மாற்றுக. இன்றேல் இரண்டையும் விடுக.

நாற்சக்கர ஓட்டம் இப்பக்கத்தில் ஆடம்பரமன்று. குற்றாலக் குறவஞ்சி இயற்றிய திரிகூடராசப்பக் கவிராயர் ஞாயிற்றின் தேர்ச் சக்கரமே இம்மலையின் அருவிநீரில் நிலைதடுமாறுவதாகக் கற்பனை செய்தார். ஆடியிற் செம்மண் தோட்டப் பாதைகளிற் பாரம் ஏற்றியவர் எவரும் அக்கவிராயரை மிகைபடக் கூறினார் என்று குறைகூறார்.

ஏறுவதைக் கூறினோம். இறங்குவதோ இன்னும் அச்சந் தருவது. கணவாயிலிருந்து செங்கோட்டை நோக்கிப் பாரத்தோடு இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்த வேண்டியது பிரேக்கு மட்டுமன்று, எஞ்சினுங்கூட. இரண்டாம் கியரில் மணிக்கு 30 கிலோமீட்டரில் இறங்கினால், பழைய அமைப்பில் எஞ்சின் நிமிடத்திற்கு 1860 சுற்றுக்கு மேற்சுழன்று வண்டியைப் பிடித்துக்கொள்ளும். புதிய அமைப்பில் 1360 சுற்றே. பிடியும் அதற்கேற்பத் தளரும். எஞ்சின் பிடிக்காத பாரமெல்லாம் பிரேக்கு டிரம்மில் வெப்பமாகின்றது. டிரம் காய்ந்தால் பிரேக்குப் பிடிப்பு மெல்ல மெல்லக் குறையும். மிதி முன்போலவே இருக்கும், வண்டிதான் நில்லாது.

வேகமானி ஒன்றும் அவரை ஏமாற்றிக்கொண்டிருந்தது. அது துணைப்பெட்டியிலிருந்து தண்டின் சுற்றை எண்ணுவது. அச்சு மாறியதோ டயர் மாறியதோ அதற்குத் தெரியாது. அவர் வண்டியில் முள் 40 காட்டியபோது உண்மை வேகம் ஏறத்தாழ 55. நிறுத்த வேண்டிய ஆற்றலோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஆதலின் 40-க்கு வேண்டியதைப்போல் ஒன்றே முக்கால் மடங்கிற்கு மேலாகிறது. நான்கு நாள் அவர் அவ்வாறு இறங்கி வந்தார் என்பதைக் கணக்கிட்டபோது எமக்கே உடல் சிலிர்த்தது.

சமதரையிலும் ஒன்று உண்டு. ஆனி ஆடியிற் கணவாய் வழியே வீசும் மேல்காற்றை இப்பக்கத்தார்க்குச் சொல்ல வேண்டியதில்லை. காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பதே சான்று. மணிக்கு 60-ல் மேற்கே செல்லும் வண்டிக்கு 30 கிலோமீட்டர் எதிர்க்காற்று வீசினால், காற்றின் தடை இரண்டேகால் மடங்காகும். தார்ப்பாய் கட்டிய உயர்ந்த பாரமாயின் கேட்கவே வேண்டா. நெடிய விகிதம் கொண்ட வண்டி அப்போது மேல் கியரைத் தாங்காமல் இரண்டாவதற்கு இறங்கும். வேகம் பெறவென்று மாற்றியது வேகத்தையே கெடுக்கும்.

டீசல் எஞ்சின் பூட்டிய வண்டிகளுக்கு முடிவு வேறாகலாம். மெதுவாகச் சுழலும் டீசலுக்கு 5.38 மிகக் குட்டையாகி, 4.88 பொருத்தமாதலுண்டு. முறை ஒன்றே, எண்கள் மட்டும் வேறு. அவரவர் எஞ்சினின் முறுக்கு விசையை வைத்து அவரவரே போட்டுக்கொள்க.

விகிதம் முடிவானபின் அச்சைப் பார்க்க வேண்டும். போர்க்கால ஜீப்பின் பின்னச்சிற் பாரம் முழுவதையும் ஹப்பும் குழலும் தாங்கும். உள்ளிருக்கும் தண்டு சுழற்றும் வேலை மட்டும் செய்யும். பின்னர் வந்த ஜீப்புகளில் அத்தண்டே பாரத்தையும் தாங்குகின்றது. முன்னதில் தண்டு முறிந்தாலும் சக்கரம் வண்டியை விட்டு நீங்காது, பின்னதில் நீங்கலாம். பாரம் ஏற்றுவோர் முன்னதைத் தேடிக் கண்டால் சிறிது விலை கூடினும் வாங்குக. டானா 44 என்னும் அச்சு வகையில் உட்தண்டின் வரிப்பற்கள் பழையதில் 10, பின்னர் 19, அதன்பின் 30. ஒன்றின் தண்டு மற்றொன்றிற் பொருந்தாது. கிரவுனைத் தாங்கும் கூடும் 3.73-க்கும் அதற்குக் கீழும் ஒருவகை, 3.92-க்கும் அதற்கு மேலும் மற்றொருவகை. இதனை அறியாமற் பற்சக்கரத்தை மட்டும் வாங்கி வந்து கையைப் பிசைந்து நிற்போர் பலர்.

இடப் பொருத்தமும் வேண்டும். இவ்வண்டியின் துணைப்பெட்டியிலிருந்து இரு தண்டுகளும் நடுவிலன்றி வலப்புறமாகப் புறப்படுகின்றன. அச்சின் டிபரன்சியலும் வலப்புறமே இருத்தல் வேண்டும். நடுவில் டிபரன்சியல் உள்ள வேறு வண்டியின் அச்சு எவ்வளவு மலிவாயினும் இதற்கு உதவாது. சக்கர போல்ட்டுகள் ஐந்து, ஐந்தரை அங்குல வட்டத்தில். பட்டை அமரும் இருக்கை, பிரேக்கு டிரம்மின் அளவு, தண்டின் நீளம் ஆகியவற்றை நூலிட்டு அளந்து எழுதிக்கொண்டு கடைக்குச் செல்க. வண்டியின் அமைப்பை மாற்றுவது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவிற்கு உட்பட்டது. பதிவு அலுவலகத்தாரைக் கேட்டு எழுத்தில் விடை பெறுதல் நன்று.

நம் மாணவருக்கு யாம் கூறியது இது: 'பழைய 5.38 அச்சைத் திரும்பப் பூட்டுக. பெரிய டயர் இருக்கட்டும்.' கணக்கு அவருக்கு நேர்ந்து வந்தது. மணிக்கு 60-ல் எஞ்சின் 2408-க்குப் பதில் 2209 சுற்றுச் சுற்றும், கத்தல் குறையும். மேல் கியரில் 177 கிலோ, பதினைந்துக்கு ஒன்றிற்கு மட்டாகப் போதும். இரண்டாவதில் 275, பத்துக்கு ஒன்றிற்கு மிஞ்சும். முன்னும் பின்னும் ஒத்திருப்பதனால் தாழ்வேகமும் மீண்டது. 4.88-ஐ நினைத்துப் பார்த்தோம். பெரிய டயரோடு இரண்டாவதில் 249 தான் வந்தது. ஒன்பது கிலோவை நம்பி மலையேறுதல் எமக்குச் சம்மதமில்லை.

பழைய அச்சு நல்வினையாகப் பட்டறையின் மூலையிலேயே கிடந்தது. புதிய பேரிங்குகளிட்டு, பற்களிற் செஞ்சாயம் பூசித் தடம் பார்த்து, பற்களின் இடைத்தளர்வை 6 முதல் 10 வரையான ஆயிரத்திலொரு பங்கு அங்குலத்துக்குள் அமைத்துப் பூட்டினர். இவ்வகைப் பற்கள் சறுக்கியே உருள்வதனால் அவற்றிற்கு ஜி.எல்.-5 எனக் குறியிட்ட எண்ணெயே ஊற்ற வேண்டும். முதல் நாள் பாரமின்றிக் குற்றாலம் வரை சென்று திரும்பி, அச்சு ஆறும்வரை நிறுத்தி வைத்தார். வேகமானியின் கண்ணாடியோரம் '40 என்றால் 44' என்று தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார். மறுவாரம் புளியரை வளைவை இரண்டாம் கியரில், பேச்சை நிறுத்தாமலே ஏறினாராம்.

4.27 கிரவுனும் பினியனும் இப்போது நம் பௌதிக ஆய்வுச்சாலை மேசைமேல் எண்ணெய்த் தாளிற் சுற்றி வைக்கப்பட்டுள்ளன. விற்க மனமில்லை என்று அவரே கொண்டுவந்து கொடுத்தார். பற்களை எண்ணிப் பார்க்க விரும்பும் மாணவர் மாலை நான்கு மணிக்குமேல் வரலாம். கைதுடைக்கத் துணியொன்று கொண்டு வருக.